மாப்பிள்ளையின் மூக்கு

அன்பு மருமகள் ஒர்னெல்லாவுக்கு,

ஆல்ப்ஸ் மலைக்கு இந்தப் பக்கம் இதுவரை பிறந்த நாக்குகளில் தலையாயதும், இனிப் பிறக்கப்போகிறவற்றுக்கு எடுத்துக்காட்டானதுமான நாக்கை உடைய உன் தாய்மாமன் ஃபியோரென்ஸோ எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் நலம். என் கழுதையும் நலம், உன்னை விசாரித்தது.

நீ அனுப்பிவைத்த மாப்பிள்ளை எய்ரிக் பத்திரமாக வந்து சேர்ந்தார். என்ன உயரம்! ட்ரெண்டோ நிலையத்தில் தலை முதலில் இறங்கியது, கால்கள் அடுத்த ரயிலில் வந்தன. உன்னையும் கூட வரவிடாமல் லீவு மறுத்த அந்த ஆஸ்பத்திரிக்கு என் சாபம் உரித்தாகுக.

உன் கல்யாணத்துக்கு, கடல் தாண்டி நீ இருக்கும் பெர்கனுக்கு வரமாட்டேன் என்று உன் அப்பா போட்டிருக்கும் பிடிவாதம் உனக்குத் தெரிந்ததுதானே? "மீனை மோந்து பாத்துச் சம்பளம் வாங்குறவனுக்கு என் பொண்ணா? முதல்ல திராட்சைச் சக்கையில சாராயம் காய்ச்சுற நேரத்துல வந்து என் கிராப்பாவைக் குடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார் அல்லவா? அந்தப் பரீட்சைக்குத்தான் பையன் வந்தான். முதல் நாளே கோட்டைவிட்டான்.

காப்பி குடித்து முடித்ததும் உன் அம்மா வழக்கம்போல் அவன் கோப்பையில் கொஞ்சம் கிராப்பா ஊற்றினாள். அடியில் தங்கிய சர்க்கரையோடு சுழற்றிக் குடிப்பான் என்று பார்த்தால், "நன்றி அம்மா, நானே கழுவிடுறேன்" என்று சொல்லி, சுழற்றிக் கழுவி, தொட்டியில் கொட்டிவிட்டான்! உன் அப்பா, "பரவால்ல, சுத்தமான பையன்" என்றார். அவர் சொன்ன குரலில் ஏரி உறைந்து மீன்கள் கம்பளி கேட்டன.

ஆகவே மறுநாள் அவனுக்கு வித்தை கற்பிக்கும் பொறுப்பை நானே சிரமேற்கொண்டேன். கோப்பைக்குள் மூக்கை நுழைக்காதே, எட்ட நின்று கும்பிடு என்றேன். புறங்கையில் ஒரு சொட்டு தேய்த்து, காய்ந்தபின் முகரச் சொன்னேன். செம்பு அண்டாவிலிருந்து முதலில் சொட்டுவது தலை, பசை நாற்றம், ஒதுக்கிவிட வேண்டும். நடுவில் வருவது நெஞ்சு, அதுதான் குடிப்பதற்கு. கடைசியில் வருவது வால், நனைந்த நாயின் நாற்றம் என்று விளக்கினேன். தலை எங்கே முடிந்து நெஞ்சு எங்கே தொடங்குகிறது என்று கடிகாரம் சொல்லாது, மூக்குதான் சொல்லும். இந்தப் பள்ளத்தாக்கின் மூக்கு அவனுக்கு மாமனாராகப்போகும் உன் அப்பாதான் என்றும் சொன்னேன். நான் நாற்பது வருடத்தில் கற்றதை அவன் மதியச் சாப்பாட்டுக்குள் கற்றுவிட்டான். இது குருவின் பெருமை.

ஞாயிறு பூசை முடிந்து, இந்த வருடத்து முதல் கிராப்பாவை உன் அப்பா ஊற்றினார். பாதிரியார் எட்ஸியோ குடித்தார், கண்ணில் நீர் பொங்க "ஆஹா!" என்றார். நான் குடித்தேன், என் மீசை இரண்டு அங்குலம் உள்ளே போய்விட்டது. "அருமை மச்சான்!" என்றேன். வேறென்ன சொல்ல? எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம்.

அவன் புறங்கையில் தேய்த்தான். முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன். அது உன் அம்மாவின் கால்.

"ஐயா, மன்னிக்கணும். இது நாற்காலி ஒட்டுற பசை."

பாதிரியார் கூரையில் புனிதர் யாராவது தெரிகிறாரா என்று தேடினார்.

"என்ன சொன்ன?" என்றார் உன் அப்பா.

"ஃபியோரென்ஸோ மாமா சொன்னாரே, தலை. அது இதுக்குள்ள இருக்கு. மீன் கெட்டிருந்தா கெட்டிருக்குன்னு நான் சொல்லியாகணும் ஐயா. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

உன் கல்யாணம் அந்த இடத்திலேயே செத்தது என்று நினைத்தேன். உன் அப்பா கோப்பையை எடுத்து வெகுநேரம் முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஃபியோரென்ஸோ, நீ சொல்லு. பசையா?"

"கொஞ்சம்... தச்சுப்பட்டறைப் பக்கமாப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு, மச்சான்."

உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். தடி எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் உன் அம்மா முணுமுணுத்தாள்: "பிப்ரவரிக் காய்ச்சலுக்கு அப்புறம் அவருக்கு ஒரு வாசனையும் தெரியல. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

கொட்டகையிலிருந்து குரல் வந்தது: "ஏய் மீன்காரா! இங்க வாடா!"

நாங்களும் பின்னாலேயே போய்ப் பார்த்தால், கெட்ட கிராப்பாவையெல்லாம் அண்டாவில் திருப்பி ஊற்றி அடுப்பு மூட்டியிருந்தார். குழாய்க்கடியில் எய்ரிக்கின் மூக்கு. குழாய்த் திருகில் உன் அப்பாவின் கை.

"இப்போ?"

"பசை."

"இப்போ?"

"பசை."

"இப்போ?"

"பசைதான். ஆனா ரொம்ப தூரத்துல."

"தூரத்துலயாம்! பெரிய கவிஞன்! இப்போ?"

பையன் கண்ணை மூடிக்கொண்டான். நான் மூச்சை நிறுத்தினேன், பள்ளத்தாக்கே நிறுத்தியது, என் கழுதை மட்டும் தும்மியது.

"பேரிக்காய்," என்றான். "பழுத்தது."

உன் அப்பா நெஞ்சு விழும் பாத்திரத்தின் பக்கம் குழாய்த் திருகைத் திருப்பினார். மருமகளே, சொட்டுவதை அவர் பார்க்கவேயில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பேரிக்காயை நானும் குடித்தேன். மீசை வெளியே வந்ததோடு தலையில் இரண்டு முடியும் முளைத்தன. இப்போது வீட்டில் அவனுக்குப் பெயரே மாறிவிட்டது. "மூக்கு, சாப்பிட்டியா? மூக்கு, இன்னொரு துண்டு எடுத்துக்கோ" என்று உன் அப்பா பரிமாறுகிறார். ஆகவே ஒவ்வொரு அக்டோபரிலும் அந்த மூக்கை இங்கே அனுப்பிவைக்கவும். உடம்பும் கூட வந்தால் ஆட்சேபமில்லை.

கல்யாணத்துக்கு வருகிறேன் என்று அவர் இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை, நீயும் கேட்காதே. நேற்று, "மே மாசத்துல பெர்கன்ல கோட்டு தேவைப்படுமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். சுவர் பதில் சொல்வதற்குள் உன் அம்மா கோட்டை வெயிலில் போட்டுவிட்டாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கல்யாணத்தன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடக்கும்போது, உன் கையில் இருக்கும் பூ என்ன வாசம் என்று அவர் காதில் மட்டும் சொல். பசை என்று சொல்லிவிடாதே.

தீர்க்காயுளும், பழுத்த பேரிக்காய் மணக்கும் நாட்களும் உங்கள் இருவருக்கும் வாய்க்க வாழ்த்தும்,

மாமன் ஃபியோரென்ஸோ
(மாப்பிள்ளை மூக்கின் ஆசான்)