உப்புக்கு நான் ஏற்றிய விலை

தம்பி, பிள்ளையார் நோன்புக்குப் போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். நூல் இழையைத் திரியாக வைத்து, சுடரோடு எடுத்து விழுங்கும் மாவின் நெய் வாசனை கையில் அப்படியே இருக்கிறது. போன நோன்புக்கு நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். இன்று அந்த இடத்தில் நான் யாரையும் உட்கார விடவில்லை.

நோன்பு முடிந்ததும் நம்மவர்கள் சாமிக்கு வைத்த உப்பை மங்கலம் என்று ஏலம் விடுவார்களே, போன வருஷம் அதை யாரும் தொட முடியாத விலைக்கு எடுத்தவன், செக்காலைத் தெருவில் இருக்கிறானே, அவன்தான். காலையில் பங்கு வாங்கி மாலைக்குள் விற்பவன். எதை வாங்கலாம் என்று ஊருக்கே போனில் செய்தி அனுப்புகிறவன். "உப்பையே இம்புட்டுக்கு எடுக்குறாக, கையில எம்புட்டு இருக்கும்!" என்று வாயைப் பிளந்தாய். மறுநாளே அவன் குழுவில் சேர்ந்தாய். சாமி உப்பு எடுத்தவன் பொய் சொல்வானா என்று நம்பினாய். நம் ஆட்களைத் தவிர வேறு யார் இப்படி ஏமாறுவார்கள்?

"சந்தை இனி இறங்காது ஆச்சி" என்பாய். அக்காவை ஆச்சி என்பதுதானே நம் வழக்கம். "புதுசு புதுசா ஆளுக வந்துக்கிட்டே இருக்காக."

"வர்ற ஆளு நின்னா?" என்று கேட்டேன். சிரித்தாய்.

அவன் முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு உங்களை வாங்கச் சொன்னான். விலை ஏறியதும் உங்கள் தலையில் கட்டிவிட்டு வெளியேறினான். அப்புறம் அந்தப் பங்கைச் சீண்ட ஆளில்லை. உன் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததெல்லாம் போனது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று மேலும் மேலும் வாங்கினாய். "நிறுத்துடா, பேராசை பிடிச்சவனே" என்று கத்தினேன். "நிறுத்த முடியலை ஆச்சி" என்றாய். ஆடியில் உன் நெஞ்சு நின்றது. துக்கம் கேட்க வந்த அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்றும் ஏலத்தில் அவன் உப்பைக் கேட்டான். நான் எழுந்து ஏற்றினேன். ஊர் பார்க்க விட்டுக்கொடுப்பானா? அவன் கேட்க, நான் ஏற்ற, அவன் நெற்றி வியர்த்தது. எங்கே விடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன். அந்த விலை வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். உப்பு அவன் தலையில் விழுந்தது.

வாசலில் வழிமறித்தான். "என்ன ஆச்சி, கேட்டுப்புட்டுப் பாதியில விட்டுட்டீக?"

"நீ வித்துட்டுப் போவியே, அது மாதிரிதான்."

எனக்கு வயிறு குளிர்ந்தது தம்பி, பொய் சொல்ல மாட்டேன். இது போதாது. அவன் வருகிற ஒவ்வொரு நோன்புக்கும் நானும் போய் விலையை ஏற்றுவேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். உட்கார்ந்த பிறகும் இன்னொரு விலை நாக்கு நுனி வரை வந்தது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன். உன்னைப் பேராசை பிடித்தவன் என்றேனே, அந்த வார்த்தைதான் இப்போது எனக்குள் கிடந்து அறுக்கிறது.