வில்ஃப் சித்தப்பாவைப் பிணப்பாதையில் கொண்டுபோனோம்

அன்பு மகள் ப்ரையனிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் நினைப்பு. போனில் சித்தப்பா போய்விட்டார் என்று சொன்னதுமே நீ அழுத அழுகையில் எனக்கு மேலே பேச வரவில்லை. எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சியிடம் இதையெல்லாம் விரிவாகச் சொல்லலாமா என்று ரொம்ப யோசித்தேன். ஆனால் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்த மலையெல்லாம் ஏறி இறங்கிய மனுஷன். நியூசிலாந்திலிருந்து உன்னால் வர முடியவில்லை, என்ன நடந்தது என்றாவது உனக்குத் தெரிய வேண்டாமா. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி, பக்கத்தில் யாராவது இருக்கும்போது படி.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் வலி அதிகம் இல்லை, அது ஒரு ஆறுதல். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் கெண்டலுக்குப் போய்ப் பார்த்தேன். யார் வண்டி ஓட்டினார்கள் என்று நினைக்கிறாய், உன் அப்பாதான். ஆனால் உள்ளே வர மாட்டேன் என்று வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். நான் மேலே ஏறிப் போனால் சித்தப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “அண்ணன் இன்னைக்கும் வண்டியக் கோணலாத்தான் நிறுத்தியிருக்காரு, பாத்தீங்களா அண்ணி” என்று சிரிப்பார். நான் கூப்பிட்டு வரட்டுமா என்று கேட்டேன். “வேணாம் அண்ணி, அவரா வரட்டும்” என்றார். இறங்கி வந்து அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “அடுத்த வாரம் பாக்கலாம்” என்றார். அடுத்த வியாழன் வருவதற்குள் சித்தப்பா போய்விட்டார்.

சண்டை உனக்கு நினைவிருக்கும். நீ பள்ளிக்கூடம் முடித்த வருஷம், கோமாரி நோய் வந்து நம் பண்ணை ஆடுகள் அத்தனையையும் சுட்டுக் கீழ் வயலில் போட்டு எரித்தார்களே, அப்போது ஆரம்பித்தது. தபால்காரர் வேலை பார்த்தது போக, ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு கல்வட்டம், இடிந்த மாதா கோயில், காக்கைப் பாறை என்று நடத்திக் காட்டுவதுதான் சித்தப்பாவுக்கு உயிர். நடைபாதைகளை எல்லாம் மூடச் சொல்லி உத்தரவு வருவதற்கு முந்தின ஞாயிறு ஒரு கூட்டத்தை நம் பண்ணை வழியாகக் கூட்டிப் போனார். அதுதான் காரணம் என்று அப்பா பிடித்துக்கொண்டார். வந்த அதிகாரி, காற்றில் வந்திருக்கலாம், லாரியில் வந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்று எவ்வளவோ சொன்னார். அந்தப் புகையில் நின்றுகொண்டு அப்பா, “உன் வேடிக்கை பாக்குற கூட்டத்தோட பூட்ஸ்லதான்டா வந்துச்சு. இனிமே என் வாசல மிதிக்காத” என்று சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. பொதுப்பாதை என்பதால் சித்தப்பாவின் கூட்டம் நம் பண்ணையைக் கடந்து போவதை அப்பாவால் தடுக்க முடியவில்லை. ஆனால் ஞாயிறு காலையில் மேல் வயலுக்கு ஏறிப் போய்விடுவார், அவர்கள் முகத்தில் விழிக்க மாட்டார்.

சித்தப்பாவின் ஆசை என்னவென்றால், தன்னை வண்டியில் கொண்டுபோகக் கூடாது, தான் பிறந்த பண்ணையிலிருந்து பிணப்பாதை வழியாக மலையைத் தாண்டிக் கோயிலுக்குத் தூக்கிப் போக வேண்டும். நம் பக்கத்துக்குக் கோயில் கிடையாத காலத்தில் செத்தவர்களை எல்லாம் அப்படித்தானே கொண்டுபோனார்கள், சித்தப்பா ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்தக் கதையைச் சொல்வாரே. அடக்க வேலை பார்க்கிற ஹடில்ஸ்டன், “டோரீன் அம்மா, வண்டின்னா ரோட்டுல சுத்திப் பத்து நிமிஷம். அந்தப் பாதையில மழையும் சேந்துக்கிச்சுன்னா அவருக்கு முந்தி நாங்க போய்ச் சேந்துருவோம்” என்றார். புதுப் போதகர் அம்மா ரூத்தான், சின்ன வயசுதான் என்றாலும் உறுதியாக, “அவர் கேட்டதச் செய்வோம். நானும் நடக்குறேன்” என்றாள். எனக்குப் பயம் அப்பாவைப் பற்றித்தான். பெட்டி நம் வாசலிலிருந்து கிளம்ப வேண்டும். நான் பயந்து பயந்து சொன்னேன். அவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, “பொதுப்பாதைதான, நான் என்ன சொல்ல” என்றார், அவ்வளவுதான். ஆனால் மறுநாளிலிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இடுப்பு வலியை வைத்துக்கொண்டு எங்கே போகிறீர்கள் என்றால், “மேல புதர் மண்டிக் கெடக்கு, ஆடு சிக்கிக்குது” என்பார். அடக்கத்தன்று நடந்தபோதுதான் பார்த்தேன், பாதை நெடுக இரண்டு பெட்டி அகலத்துக்குப் புதரை அறுத்து ஒதுக்கியிருந்தார். ஓடைமேல் ஆடிக்கொண்டிருந்த பலகைக்கல்லுக்கு அடியில்கூட சிறு கல் செருகியிருந்தார்.

அன்று காலை மழை விட்டிருந்தது. பெட்டி பிரம்பில் பின்னியது, கனமில்லாதது. முற்றத்தில் இறக்கி வைத்து, மேலே பக்கத்துப் பண்ணை மார்ஜரி தன் தோட்டத்து ஹீதர் பூவைக் கட்டி வைத்திருந்தாள். சித்தப்பாவோடு நடந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள், லீட்ஸிலிருந்தும் லங்காஸ்டரிலிருந்தும், கலர் கலராகச் சட்டை போட்டுக்கொண்டு, கறுப்பு போடாதீர்கள் என்று சித்தப்பா சொல்லியிருந்தாராம். வருவார்கள் வருவார்கள் என்று பார்த்தால் ஒருவரும் உள்ளே வரவில்லை. களஞ்சியத்துக்கு அந்தப் பக்கம், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாதே, அந்த வெளிக்கேட்டருகிலேயே நின்றுவிட்டார்கள். என்ன என்று பார்க்க அப்பா போனார், நானும் பின்னால் போனேன். க்ளிஃபர்ட் என்று ஒரு பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒரு வாளியில் கிருமி மருந்து கரைத்து வைத்திருந்தார், பிரஷ்ஷும் இருந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து பூட்ஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்பா, “என்ன பண்றீங்க” என்று கேட்டார். க்ளிஃபர்ட் நிமிர்ந்து, “வில்ஃப் பழக்கினதுங்க. இந்தக் கேட்டுக்கிட்ட வந்தா பூட்ஸக் கழுவாம ஒருத்தரையும் உள்ள விடமாட்டாரு. பனி கொட்டினாலும் விடமாட்டாரு. சலிச்சுக்கிட்டா, ‘எங்கண்ணன் ஆடு மேயுற எடம், நல்லாத் தேய்யா’ம்பாரு. வாளி எப்பவும் அவர் கார்லயே இருக்கும்” என்றார். பக்கத்தில் நின்ற ஒரு பெண், “அது சட்டம்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்” என்றாள்.

ப்ரையனி, எனக்கும் அது தெரியாது. அத்தனை வருஷம் ஞாயிறு தவறாமல் அந்த மனுஷன் நம் வாசலில் நின்று வாளியில் மருந்து கலக்கியிருக்கிறார், நமக்குத் தெரியவே தெரியாது. எல்லோரும் கழுவி முடிக்கும்வரை அப்பா அங்கேயே நின்றார். பிறகு பிரஷ்ஷை வாங்கித் தன் பூட்ஸைத் தேய்க்க ஆரம்பித்தார். சொந்த மண்ணில் நிற்கிறவருக்கு எதற்கு அது, ஆனாலும் யாரும் தடுக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அடியில், ஓரத்தில், கயிறு போடுகிற இடத்தில் என்று தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஹடில்ஸ்டன்தான் மெல்ல அவர் தோளைத் தொட்டு, “ஐசக், நேரமாகுது” என்றார்.

மலை மீட்புக் குழுப் பையன்கள்தான் தூக்கினார்கள், சித்தப்பாவும் அதில் இருந்தவர்தானே. அப்பாவால் தோள் கொடுக்க முடியாது, அதனால் கம்பை ஊன்றிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தார். ஓடையைத் தாண்டி ஏற்றம் தொடங்குகிற இடத்தில், பெட்டியை இறக்கி வைக்கிற சுமைதாங்கிக் கல் இருக்கிறதே, அங்கே வந்ததும் பையன்கள் நிற்காமல் போகப் பார்த்தார்கள், பிரம்புப் பெட்டிதானே, அவர்களுக்கு அது ஒரு சுமையா. அப்பா திரும்பி நின்று, “எறக்குங்க. கொஞ்சம் எறக்கி வைங்க. இந்த எடத்துல அவனுக்கு மூச்சு வாங்கும்” என்றார். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு இறக்கி வைத்தார்கள். சித்தப்பாவுக்குச் சின்ன வயசில் இழுப்பு இருந்ததாம், பள்ளிக்கூடம் போகும்போது அந்தக் கல்லில்தான் உட்கார வைப்பாராம் அப்பா. கல்யாணமாகி வந்ததிலிருந்து அன்றுவரை இதை என்னிடம் சொன்னதே இல்லை. பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ரூத் ஜெபம் சொல்லட்டுமா என்று கேட்டாள். “வேணாம்மா, சும்மா இருக்கட்டும்” என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு அவரே, “சரி, போலாம்டா” என்றார். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

கோயிலில் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. உன் பெயரில் வெள்ளைப் பூ வைத்தேன். பாட்டி தாத்தாவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. வந்தவர்களுக்கு மார்ஜரியும் நானும் ஆட்டுக்கறிச் சூப்பும் இஞ்சி கேக்கும் கொடுத்தோம். க்ளிஃபர்ட் போகும்போது வாளியை என்ன செய்வது என்று கேட்டார். கேட்டருகிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார் அப்பா.

இப்போது என் கவலை அவரைப் பற்றித்தான். சரியாகச் சாப்பிடுவதில்லை. பால்காரர் வந்து பேசினால்கூட ம் என்பதோடு சரி. மழை இல்லாத நாளாக இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பை எடுத்துக்கொண்டு காக்கைப் பாறைக்கு ஏறிவிடுகிறார். பிறந்ததிலிருந்து அதன் அடியிலேயே இருந்தும் ஆடு தேடத்தான் அங்கே போயிருக்கிறாரே தவிர, நின்று பார்த்ததில்லை. “மேல என்ன இருக்கு, அங்கயும் கல்லுதான்” என்பவர். நேற்று நானும் கூடப் போனேன். வானம் வெளுத்திருந்தது, மலைக்குப் பின்னால் மலை, ஒரு ஓரத்தில் கடல்கூடத் தெரிந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, “டோரீன், அந்தா அந்தக் கூர்மையா நிக்குதே, அது பேரு என்ன” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதற்கடுத்தது என்றார். அதுவும் தெரியவில்லை. “அவனுக்கு எல்லாம் தெரியும். கேட்டிருந்தா சொல்லியிருப்பான்” என்றார். கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தேன்.

நீ கவனமாக இரு. கனமான எதையும் தூக்காதே, ராத்திரியில் காலை உயர்த்தி வைத்துப் படு, பயமாக இருந்தால் எந்த நேரமானாலும் போன் பண்ணு. ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும், சுகமாகப் பெற்று எழுந்திரு. இன்னொன்று மறக்காதே கண்ணு. சித்தப்பா உன்னை அந்தப் பாறைமேல் நிறுத்தி, கையை நீட்டி நீட்டி ஒவ்வொரு மலைக்கும் பெயர் சொல்லிக் கொடுப்பாராமே. உனக்கு எதெது நினைவிருக்கிறதோ அதை இடது பக்கத்திலிருந்து வரிசையாக அப்பாவுக்கு எழுதி அனுப்பு. பெரிய எழுத்தாக எழுது, மூக்குக் கண்ணாடி போட்டாலும் அவருக்கு இப்போது சரியாகத் தெரிவதில்லை.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா டோரீன்