இரண்டு யூனிக்ஸ் புத்தகங்கள்

வெள்ளிக்கிழமை, இரவு.

திங்கட்கிழமை முதல் தொழிற்சாலையின் யூனிக்ஸ் சர்வர்களை நான் தனியாகப் பார்க்க வேண்டும். இதுவரை அவற்றைப் பார்த்துவந்த பிரேமா அக்காவுக்கு இன்றோடு வேலை முடிந்தது. பயத்தில் மாலையே பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு புத்தகக் கடைக்குப் போனேன். இரண்டு புத்தகங்கள் கிடைத்தன. ஒன்று செங்கல் மாதிரி. மற்றது மெல்லியது, நிறையப் படங்கள்.

"தடிச்சதையே எடு லா. ஃபேக்டரி சர்வருக்கு இந்த நோட்டுப் புத்தகம் போதுமா?" என்றார் கூட வந்த என் வீட்டுக்காரர்.

"பால் கொடுத்துக்கிட்டே ஒத்தக் கையில பிடிக்கணும். நீங்க வந்து பிடிச்சுக்குவீங்களா?"

சிரித்துக்கொண்டே மெல்லியதற்குப் பணம் கட்டினார்.

பாப்பா தூங்கியதும், சர்வர் நின்றுபோய் மறுபடி எழும்பாவிட்டால் என்ன செய்வது என்றுதான் முதலில் தேடினேன். போன மாதம் அப்படி ஆனபோது பிரேமா அக்கா சரிசெய்தார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். புத்தகத்தில் அதற்கு ஒரே வரி: "உங்கள் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரைத் தொடர்பு கொள்ளவும்."

மூன்று முறை படித்தேன். அந்த ஆள் இனி நான்தான்.

வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். "காலையில போய் மாத்திக்கலாம், படு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். தடித்தது அலமாரியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.