ஒத்துழைக்கும் நோயாளி

சின்னவளே,

உன் வாயில் இருக்கும் பல் வரிசை என்னுடையது. நீ அதை எடுத்துக்கொண்டாய்.

முதலில் உன் நலம் விசாரித்து ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நான் கோபப்பட்டால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன். இருபத்திரண்டு வருடமாக என் கோபமெல்லாம் அப்படித்தான் வீணாகிறது. தாளில் நீ குறுக்கே புக முடியாது.

போன வாரம் நீ அனுப்பிய குரல் செய்தியை நாலு முறை கேட்டேன். "அக்கா, ஒரு கூத்து கேளு" என்று தொடங்கினாய். காரியம் இருந்தால்தான் உனக்கு நான் அக்கா. மற்ற நாளெல்லாம் பத்து நிமிஷம் முன்னால் பிறந்ததற்கு என்ன பெரிய மரியாதை என்பாய். "இன்னிக்கு ஒருத்தர் கவுண்டருக்கு வந்து, ஃபோன்ல எங்கிட்ட அவ்வளவு பொறுமையா பேசினது நீங்கதானேன்னாரு. குரல வச்சே கண்டுபிடிச்சாராம். எதுக்கு வளவளன்னு, ஆமான்னுட்டேன். மனுஷன் மேனேஜர்கிட்ட போய் என்னப் பத்தி பாராட்டி எழுதிக் குடுத்துட்டாரு."

அவரை எனக்குத் தெரியும். நடக்க முடியாத தன் அம்மாவுக்காக, சக்கர நாற்காலி நுழைகிற அகலத்தில் குளியலறைக் கதவு உள்ள அறை வேண்டும் என்று மூன்று நாளில் ஐந்து முறை கூப்பிட்டார். அந்தக் கதவை அளந்து சொல்லச் சொல்லி உங்கள் ஹோட்டலின் பராமரிப்பு ஆளிடம் திட்டு வாங்கியது நான். முகம் தெரியாத அவரிடம் சிரித்துக்கொண்டே பேசியதும் நான். பாராட்டு உன் கோப்பில் இருக்கிறது.

அடுத்து நீ சொன்னதுதான் என்னை உட்காரவிடவில்லை. "அப்புறம், கம்பி எடுத்தப்புறம் பல்லு நகராம இருக்கக் குடுத்த அந்தக் கழட்டி மாட்டுற கிளிப்ப கொதிக்கிற தண்ணியில போட்டுக் கழுவினேன், கோணிக்கிச்சு. அஞ்சு மாசமா போடல. முன்பல்லு ஒண்ணு லேசா திரும்புது. போகட்டும், உன்ன மாதிரி ஆயிட்டுப் போறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். என்னைப் போல் ஆவது உனக்கு ஒரு வேடிக்கை. நான் தினமும் அப்படித்தான் எழுந்திருக்கிறேன்.

இந்த ஹோட்டல் கம்பெனிக்கு நாம் இரண்டு பேரும் ஒரே நாளில்தான் வேலைக்குப் போனோம். ஒரே மதிப்பெண், ஒரே துணியில் தைத்த சட்டை, மூக்கு வரைக்கும் ஒரே முகம். மேலாளர் உன்னை வணக்கம் சொல்லச் சொன்னார். நீ பல் தெரியச் சொன்னாய், வெளியூர் ஹோட்டலின் கவுண்டர் உனக்குக் கிடைத்தது. நான் உதட்டை மூடிக்கொண்டு சொன்னேன். "உங்க குரல் அருமையா இருக்கும்மா, ஃபோன் பிரிவுக்குப் போங்க" என்றார் என்னிடம். ஒருத்தியைப் பாராட்டிக்கொண்டே மறைத்து வைக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என் கணினித் திரைக்கு மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்: சிரித்துக்கொண்டே பேசவும், வாடிக்கையாளருக்குக் கேட்கும். எட்டு மணி நேரம் சாம்பல் நிறத் தடுப்பைப் பார்த்துச் சிரிக்கிறேன். இந்தப் பல்லுக்கு அந்தத் தடுப்பு ஒன்றும் சொல்லாது.

பழசைக் கிளறாதே என்பாய். கிளறத்தான் எழுதுகிறேன். நீட்டிக்கொண்டிருந்த பல்லுக்காகப் பள்ளியில் நாம் பெரிய துருவி, சின்னத் துருவி. ஆளுக்கொரு தேங்காயைக் கையில் கொடுங்கடா, மதியத்துக்குள் துருவித் தந்துவிடுவார்கள் என்பார்கள். கேலி இரண்டாகப் பிரிந்து விழுந்ததால் எனக்குப் பாதிதான் வலித்தது. பதினைந்து வயதில் அந்தப் பாதியையும் என்னிடம் விட்டுவிட்டு நீ போய்விட்டாய்.

பல் மருத்துவக் கல்லூரியில் தரை துடைக்கும் அம்மாவுக்காக வாசலில் காத்திருந்தபோது அந்தப் பேராசிரியர் நம்மைப் பார்த்தாரே. நம்மிடம் பேசவில்லை, பின்னால் வந்த மாணவர்களிடம் பேசினார். "இரட்டைப் பிள்ளைங்க, ஒரே தாடை. ஒருத்திக்குக் கிளிப் போடுவோம், ஒருத்திய அப்படியே விட்டுருவோம். ரெண்டு அச்சையும் பக்கத்துல வச்சா பாடமே நடத்த வேண்டாம்." அம்மா கையில் துடைப்பத்தோடு "சரிங்க ஐயா" என்றாள். நம் வீட்டுக்கு இலவசமாக எது வந்தாலும் ஒன்றுதான் வரும். ஒன்று வந்ததே என்று கையெடுத்துக் கும்பிடவும் வேண்டும்.

யார் என்று முடிவு செய்ய, இரண்டு பேருக்கும் பல் அளவு எடுத்தார்கள். ஒழுங்காக உட்காருகிறவளுக்குக் கிளிப். நான் மூத்தவள் என்று முதலில் என்னை உட்காரவைத்தார்கள். தட்டு நிறைய இளஞ்சிவப்புப் பசையை மேல் தாடையில் அழுத்தியதும் அது தொண்டைக்குள் வழிகிற மாதிரி இருந்தது. அளவு எடுத்த மாணவி டாக்டரின் வெள்ளைக் கோட்டு முழுக்க வாந்தி எடுத்தேன். மூன்றாவது முறை வைத்தபோதுதான் வழி பிடிபட்டது. ஆனால் அதற்குள் என் தாளில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் தாடையில் பசை காயக் காய உன் கையைப் பிடித்து என்ன சொன்னேன்? "வாயால மூச்சு விடாத, மூக்கால விடு. ரெண்டு காலையும் லேசா தூக்கி வச்சுக்க. கட்டைவிரலயே பாத்துக்கிட்டு இரு, தொண்டை மறந்துரும்." நீ போய்ச் சிலை மாதிரி உட்கார்ந்தாய். உன் தாளில் 'ஒத்துழைக்கும் நோயாளி' என்று எழுதினார்கள். அந்த ஒத்துழைப்பு என்னுடையது. நீ யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்வாய் என்று காத்திருந்தேன்.

அதன்பிறகு இரண்டு வருடம். மாதம் ஒருமுறை கம்பியை முடுக்கிவிட்டு வருவாய், மூன்று நாள் வாழைப்பழம்கூடக் கடிக்க முடியாது. சோற்றைக் குழைத்தது நான். ஆப்பிளைத் தாள் மாதிரி சீவியது நான். கன்னத்தில் கம்பி குத்தினால் மெழுகை உருட்டி ஒட்டியது நான். சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, குட்டிப் பிரஷ்ஷைக் கம்பிக்கு அடியில் விடச் சொல்லி உயிரை வாங்கியதும் நான். அழுக்கு தங்கினால் கிளிப்பைக் கழற்றும்போது பல்லில் வெள்ளைத் திட்டு நிற்கும் என்று உன் டாக்டர் ஒருமுறைதான் சொன்னார். நான் நூறு முறை சொன்னேன். உன் பல்லில் இன்றைக்கும் ஒரு திட்டு கிடையாது. கண்ணாடியில் போய்ப் பார்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஒரு நாள் உன் கிளிப்பில் ஒரு துண்டு உடைந்து தொங்கியதே, கெட்டி மிட்டாய் கடித்து. அதைக் கடிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். உன் பல் நேராகிக்கொண்டு வந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. டாக்டரிடம் நீ என் பெயரைச் சொல்லவில்லை. தவறி வாயில் போட்டுக்கொண்டேன் என்றாய். அந்தப் பெருந்தன்மைக்காகவும் உன்னை வெறுத்தேன்.

உன் பல் திரும்புகிறது என்று கேட்டதும் முதலில் சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் முழுக்க. மதியம் இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த நாள்தான் உறைத்தது. என் கையால் இரண்டு வருடம் காத்த பல்லை நீ வெந்நீரில் கழுவிவிட்டுச் சிரிக்கிறாய். பொறாமைப்படுவதற்குக்கூட எனக்கு ஒழுங்காக ஒன்றை மிச்சம் வைக்கமாட்டாயா?

விடுப்பு போட்டுக் கல்லூரிக்குப் போனேன். அன்றைக்கு நான் வாந்தி எடுத்த அந்தக் கோட்டுக்காரி இப்போது அங்கேயே பெரிய டாக்டர். உன் கடைசி அச்சை வைத்துப் புது கிளிப் செய்துவிடலாமா என்று கேட்டேன். முடியாதாம். "பல்லு நகர்ந்துருச்சுன்னா பழைய அச்சுக்குச் செஞ்சது உட்காராதும்மா. அவங்கள நேர்ல வரச் சொல்லுங்க. பழைய இடத்த பல்லு மறக்காது, பிடிச்சு வச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார். ஆகவே அங்கே நல்ல டாக்டராகப் பார்த்து உடனே புது அளவு கொடு. தாமதித்தால் மறுபடி கம்பிதான். புதுசைப் பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவு. சாப்பிடும்போது கழற்றினால் டப்பாவில் போடு. காகிதத்தில் சுற்றி மேசையில் வைத்தால் துடைக்கிறவர்கள் குப்பையில் போட்டுவிடுவார்கள். அவர்களைத் திட்டாதே, அம்மாவும் அந்த வேலைதான் செய்கிறாள்.

வகுப்பறைக் கண்ணாடி அலமாரியில் நம் அச்சுகள் இன்னும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உன்னுடையதன் கீழே 'சிகிச்சை பெற்றது', என்னுடையதன் கீழே 'பெறாதது'. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போது டாக்டர் என் கோப்பைப் புரட்டினார். ஒப்பீடு முடிந்ததும் இரண்டாவது பெண்ணுக்கும் சிகிச்சை தரவேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. ஐந்து வருடமாக இருக்கிறது. "உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார். யாரும் சொல்லவில்லை. அந்த அலமாரியை அம்மா தினமும் துடைக்கிறாள். அவளைக் கூப்பிட்டு அந்த ஒரு வரியைப் படித்துக் காட்ட அங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

இந்த வயதிலும் போடலாமாம், கொஞ்சம் கூடுதல் காலம் ஆகும், அவ்வளவுதான். வருகிற வியாழக்கிழமை எனக்கு அளவு எடுக்கிறார்கள். அம்மா பத்து பேரிடம் சொல்லிவிட்டாள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை யாராவது வந்து ஃபோனில் பேசியது நீங்களா என்றால், ஆமா என்று சொல்லாதே. அது என் அக்கா என்று சொல். பல்லை நீ வைத்துக்கொள். குரலையாவது விட்டுவிடு. சொன்னதும் எனக்கு ஒரு வரி எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு, பல்லை நன்றாகத் தேய்த்துக்கொள்.

இப்படிக்கு,
பெரிய துருவி



சின்னவளே,

மூன்று வாரமாயிற்று, உன் வரி வரவில்லை. அம்மாவிடம் பேசும்போது புது கிளிப்புக்கு அளவு கொடுத்துவிட்டதாகச் சொன்னாயாம். நல்லது. என் கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

வியாழக்கிழமை போய் உட்கார்ந்தேன். அதே நாற்காலி, உறையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கோட்டுக்காரி இந்த முறை கோட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் துணியும் கட்டிக்கொண்டு வந்தார், முன்ஜாக்கிரதை என்றார். பசை தொண்டைப் பக்கம் போனதும் மூக்கால் மூச்சு விட்டேன், இரண்டு காலையும் லேசாகத் தூக்கினேன், கட்டைவிரலையே பார்த்தேன். ஒரு தடவையிலேயே தட்டு சரியாக உட்கார்ந்தது. பசை இறுகுவதற்குள் தாளில் 'ஒத்துழைக்கும் நோயாளி' என்று எனக்கும் எழுதினார்.

எழுதிக்கொண்டே கேட்டார். "காலத் தூக்குறது உங்க தங்கச்சியோட வித்தை ஆச்சே. இங்க படிக்கிற பிள்ளைங்களுக்கு நான் அதத்தான் சொல்லிக் குடுக்கறேன். அவங்கதான் உங்களுக்கும் சொன்னாங்களா?"

வாய் நிறையப் பசை. பசையை எடுப்பதற்குள் அவர் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

நீ சொல். அந்த டாக்டருக்கே எழுது, முகவரியை உறைக்குள் வைத்திருக்கிறேன். உனக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது என்று, உன் கையால், ஒரு வரி எழுது.