ஆடு அதிகம், ஆள் குறைவு

ஜூலை 4, வெள்ளி

கச்சான் காற்று. வாய் திறந்தால் அரை ஏக்கர் மண் உள்ளே. ஜும்ஆ முடிந்து, மதிலில் உள்ள சின்னக் கதவால் பக்கத்து வளவில் இருக்கும் தங்கச்சி ஹாஜரா வீட்டுக்கு. தினமும் அங்கேதான் சோறு. என் அரண்மனையில் அடுப்பு எரிந்து ஒரு யுகம்.

அவளுடைய மகள் றிஸ்னா ஆஸ்திரேலியாவிலிருந்து வீடியோ கோல். மாப்பிள்ளைக்கு ஆட்டிறைச்சித் தொழிற்சாலையில் வேலை. ஏதோ குக்கிராமம், பெயர் வாயில் நுழையவில்லை. போனைச் சுற்றிக் காட்டினாள். ஒரு பலகை வீடு. பிறகு புல். பிறகும் புல். கடைசியில் வானம். ஆடுகள் மட்டும் என்னை உற்றுப் பார்த்தன.

"இளசெல்லாம் டவுனுக்குப் போயிட்டு மாமா. வீடுகள் சும்மா கிடக்கு. நம்மட வளவ வித்தா இங்க ரெண்டு ஏக்கரோட வீடு வாங்கலாம். உம்மாவும் எங்களோட வந்திரலாம்."

ஹாஜரா இருக்கும் வீடு, மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. உறுதிப் பத்திரம் றிஸ்னா பெயரில். வாங்க ஆள் பார்க்கும் பொறுப்பு, கல்முனைக் கரையின் காணிச் சக்கரவர்த்தியாகிய எனக்கு.

ஜூலை 6, ஞாயிறு

புழுக்கம். சம்மாந்துறை அரிசி ஆலைக்காரர் வந்தார், மகளுக்கு வீடு தேடி.

"கிணறு எப்பிடி?"

"போன வருசம் வாளி விட்டன் ஹாஜியார், திமிங்கிலம் வந்தது."

மொட்டைமாடியில் ஏறினால் மாலைதீவு தெரியும் என்றேன். விலை மும்மடங்கு. மனிதர் செருப்பைத் தேடினார். வெற்றி.

ஜூலை 9, புதன்

பகல் தூக்கம், கனவு. நம்ம ஊரை அப்படியே தூக்கி அந்தப் புல்லில் வைத்தேன். வீட்டுக்கு வீடு ஒரு மைல். லுஹர் தொழுகைக்குச் சொன்ன தேநீர் அஸர் தொழுகைக்கு வந்தது. உப்பு கேட்கப் போனவள் திரும்பவே இல்லை. தேநீர்க் கடையில் ஆடுகள் வரிசையாக. தூரத்து மேட்டில் ஹாஜரா, யாரையோ கூப்பிட்டபடி. காற்றில் கேட்கவில்லை.

கண் விழித்தால் அவளே எதிரில்.

"கிணத்துல திமிங்கிலமாம்?"

"சின்னதுதான்."

சிரிக்கவில்லை. "காக்கா, மகள்ட வீடு எங்கயோ அங்கதான் உம்மாட வீடு. நம்மட உம்மாவும் என்னோட இருந்துதானே மௌத்தானா. றிஸ்னா மாசமா இரிக்கா. கூப்பிட்டா வர அங்க ஒரு ஆள் இல்ல."

"உனக்கு அங்க யாரு இரிக்கா?"

"எனக்கு அவ இரிக்கா."

அவள் கொண்டு வந்த தேநீரில் சீனி இல்லை. கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

காற்று இல்லை. கடலும் வாய் மூடி.

ஆலைக்காரரைத் திரும்ப அழைத்தேன். கிணற்றில் நல்ல தண்ணீர். குசினிக் கூரையில் ஒரு ஓடு வெடிப்பு. விலை, ஊர் விலை.

அவருக்குச் சந்தேகம். "என்ன இப்பிடிக் குறைச்சிச் செல்லுறீங்க? ஜின் கின் ஏதும் இரிக்கா?"

"ஜின் நான்தான் ஹாஜியார். பக்கத்து வீடு."

முதல்முறையாகச் சிரித்தார். சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை: "உறுதி எழுத முன்னம் மதில்ல இருக்கிற அந்தக் கதவ அடைச்சித் தாங்க."

அந்தப் புல்லூரின் சனத்தொகை ஒன்றால் கூடுகிறது. ஆடுகளுக்கு அறிவிக்க வேண்டும். நம்ம ஊர் நெரிசலில் ஒன்று குறைவதை யார் கவனிக்கப் போகிறார்.

திங்கள் மேசன் வருவான். வாங்க வேண்டியவை: கல், சீமெந்து, அரை வண்டி மணல். எனக்கு ஒரு சோற்றுப்பானை.