வேலியில் காயும் கயிறு

அண்ணே,

இன்றைக்குக் காலையில் உன் மச்சான் பரணிலிருந்து கயிற்றை இறக்கி முற்றத்தில் போட்டார். அடுத்த வாரம் சங்குக் குளிப்பு தொடங்குகிறதாம். மாதக்கணக்காய்ச் சுருண்டு கிடந்த கயிறு. அவிழ்த்ததுமே உப்பும் பாசியும் கலந்த அந்த வாடை வீடெல்லாம் நிறைந்துவிட்டது. அகப்பையை அடுப்படியிலேயே போட்டுவிட்டு வந்து கயிற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். "ஏளா, குழம்பு தீயுது" என்கிறார் மனுஷன். தீயட்டுமே.

செத்தவனுக்குக் கடுதாசி எழுதுகிறாள், பைத்தியக்காரி என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். நீ உயிரோடு இருந்தபோது கடைசியாய் நான் உன்னிடம் பேசியது ஒரு பேச்சா? ஆறு வருஷமாய் அதைத் திருப்பி வாங்க வழி தேடுகிறேன்.

என் கல்யாணம் பேச வந்தவர்களிடம் அப்பா முதலில் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "என் மவன்தான் கயிறு பிடிப்பான், சம்மதமா?" என்றார். நம் பக்கத்து வழக்கம் அதுதானே. சங்கு எடுக்கக் கடலுக்குள் இறங்குகிறவனின் உயிர், தோணியில் நின்று கயிறு பிடிக்கிறவன் கையில். கீழே மூச்சு முட்டி அவன் ஒரு இழுப்பு இழுத்தால் மேலே இருக்கிறவன் கண் மூடித் திறப்பதற்குள் தூக்க வேண்டும். கூடப் பிறந்தவள் தாலியறுத்து நிற்பதை எந்த அண்ணனும் பொறுக்கமாட்டான் என்றுதான் மச்சினன் கையில் கயிற்றைக் கொடுப்பது. நாலு வருஷம் நீ பிடித்தாய். உன் கையில் கயிறு இருந்த நாளெல்லாம் நான் ஒரு பொழுதும் கடலைப் பார்த்துப் பயந்ததில்லை.

சாயங்காலம் அவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். கிணற்றுத் தண்ணீரில் அலசி, பனைமட்டை வேலியில் விரித்துப் போடுவேன். நம் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வேலியில் ஈரக் கயிறு கிடந்தால் அந்த வீட்டு ஆம்பிளை கரை ஏறிவிட்டான் என்று அர்த்தம். யாரும் யாரிடமும் கேட்பதில்லை, போகிற போக்கில் வேலியைப் பார்ப்பார்கள்.

என் கல்யாணத்துக்கு முந்தியே உனக்கு ஒரு கதை இருந்தது. கொழும்புக்குப் போகிற தோணியில் உனக்கு வாந்திபேதி கண்டு, கூட வந்தவர்கள் பயந்துபோய் வேம்பார்க் கரையில் உன்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே உப்பளத்தில் வேலை செய்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உன்னைக் குடிசைக்குத் தூக்கிக்கொண்டு போய், உப்புப் போட்ட வடிகஞ்சியைச் சொட்டுச் சொட்டாய் ஊற்றிப் பிழைக்க வைத்தார்கள். நம் சாதியும் இல்லை, நம் வேதமும் இல்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்த மனுஷன் உன் அழுக்கைக் கையால் அள்ளினார் என்று சொல்லிச் சொல்லி அழுவாய். "சர்வேசுரன் எனக்கு இந்த உசுரைச் சும்மா குடுத்தாரு ஏளா. நான் கேக்கவும் இல்ல, அதுக்குத் தகுதியும் இல்ல. சும்மா வந்ததைச் சும்மாதான குடுக்கணும்" என்பாய்.

நீயும் கொடுத்தாய், கணக்கு வழக்கில்லாமல். மாதா கோயில் திருநாளுக்கு எடுத்த புது வேட்டியைக் கோயில் வாசலில் எவனுக்கோ கொடுத்துவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாயே! "இனி என்னத்தைக் குடுக்கப் போற, தோலை உரிச்சா?" என்று கேட்டேன். "கேட்டா குடுக்கலாம்" என்று சிரித்தாய். அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது.

ரங்கூன் அரிசி நின்றுபோய், சண்டைக் காலத்து ரேஷனில் புழுத்த அரிசி வாங்கித் தின்ற வருஷம் நம் ஊர் உப்பளத்துக் குடிசைகளில் பேதி வந்தது. எல்லாரும் அந்தப் பக்கப் பாதையையே மறந்துவிட்டார்கள். நீ மட்டும் தோணி விட்டு வந்த கையோடு கஞ்சிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாய். நாலாம் நாள் தோணிக்கார அண்ணாச்சி உன்னைக் கரையிலேயே நிறுத்தினார். "ஏலே, பேதிக்காரனைத் தொட்ட கையோட என் தோணியில ஏறாத. அங்கன போறியா, இங்கன வாறியா, நீயே சொல்லு."

நீ அங்கே போவதாய்ச் சொன்னாய். புன்னைக்காயல்காரர் ஒருவரிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு என் வீட்டு வாசலுக்கு வந்து, "நல்ல கைக்காரரு ஏளா, பயப்படாத" என்றாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் தாலியை எவனோ ஊரான் கையில குடுத்துட்டு, எவளோ தாலியைக் காப்பாத்தப் போறியோ?" என்று கத்தினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, "அவளுக்கும் அண்ணன் தம்பி யாரும் அங்கன வரல்லையே" என்றாய். நீ சொன்னது நியாயம் என்று தெரிந்த கோபத்தில்தான் அதைச் சொன்னேன்: "இனி என் வாசலை மிதிக்காத. எனக்கு அண்ணன் இல்ல."

நீ மிதிக்கவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் சாலைக்கு அந்தப் புறம் பூவரச மரத்தடியில் வந்து நிற்பாய். நோயைக் கொண்டுவந்துவிடக் கூடாதென்று அதற்கு இந்தப் பக்கம் ஒரு அடி வைக்கமாட்டாய். வேலியில் கிடக்கும் ஈரக் கயிற்றைப் பார்ப்பாய், சிலுவை போட்டுக்கொள்வாய், போய்விடுவாய். நான் ஜன்னல் மறைவில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாளுக்கு நாள் உன் தோள் எலும்பு தெரிந்தது. ஒரு வாய்ச் சோறு தின்றுவிட்டுப் போ என்று சொல்ல நாக்கு துடித்தது. வீம்பு விடவில்லை.

ஒன்பதாம் நாள் நான் கயிற்றை வேலியில் போடவில்லை.

அதை எப்படி எழுதுவேன், அண்ணே? ஈரத்தோடு சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். உன் மச்சான் சாப்பிட்டுவிட்டு அதே கட்டிலில் அசந்து தூங்கினார். கயிறு இல்லாவிட்டால் பயந்துபோய் வேலி வரைக்கும் வந்து, "ஏளா, மச்சான் வந்தாச்சா?" என்று நீ கேட்பாய், கேட்டால் நாலு திட்டுத் திட்டிவிட்டுச் சோறு போடலாம் என்று கணக்குப் போட்டேன். சட்டியில் உனக்கு மீன்கூட எடுத்து வைத்திருந்தேன். நீயும் வந்தாய். வேலியைப் பார்த்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாய். வாசலை மிதிக்காதே என்று நான் சொன்னது உனக்கு அவ்வளவு பெரிசா? கேட்கவே இல்லையே! வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்து ஓடினாய்.

ஓடட்டும், யாராவது உண்மையைச் சொல்வார்கள், என்னைத் திட்டவாவது திரும்பி வருவாய் என்று உட்கார்ந்திருந்தேன். மீன் ஆறிப்போனது.

விடிந்ததும் அளத்துக் குடிசையிலிருந்து ஒரு பொம்பிளை தலைவிரி கோலமாய் வந்து வேலிக்கு வெளியே நின்றாள். நீ பிழைக்க வைத்தது அவள் புருஷனைத்தான். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: அன்றைக்கு மத்தியானமே உனக்குப் பேதி கண்டுவிட்டது. படுக்கச் சொன்னதற்கு, "கயித்தைப் பாத்துட்டு வந்துருதேன்" என்று எழுந்து வந்திருக்கிறாய். கரையில் தோணிக்கார அண்ணாச்சி, "உன் மச்சான் அப்பவே கரை ஏறியாச்சேலே" என்றதும் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். உன்னைத் தேடி வந்த அளத்து ஆட்கள் கட்டிலில் வைத்துத் தூக்கிப் போனார்கள். விடியும்போது போய்விட்டாய்.

"என்னைப் பத்தி ஏதும் சொன்னாரா?" என்று கேட்டேன். சபித்திருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட அந்த நேரம் தோன்றியது.

"சொன்னாரு தாயி. 'கயித்தை ஈரத்தோட சுருட்டி உள்ள வச்சிருப்பா. இத்துப்போவும். வெயில்ல போடச் சொல்லு, மச்சான் நாளைக்கு அதுலதான் இறங்கணும்'னாரு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு."

உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். உன் முகத்தைக்கூட எனக்குக் காட்டவில்லை. பேதியில் செத்தவன் என்று குழியில் சுண்ணாம்பைக் கொட்டி அவசரமாய் மூடிவிட்டார்கள். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் அழுது சொன்னேன். மூன்று செபமாலை சொல்லச் சொன்னார். மூன்றா? இந்தப் பாவத்துக்கு மூன்று போதுமா என்று அங்கேயே சண்டை போட்டேன். "எத்தனை சொன்னாலும் அந்தக் கடனை உன்னால அடைக்க முடியாது மகளே, மன்னிப்பு உனக்குச் சும்மா கிடைச்சது" என்றார். உன் வாயிலிருந்து கேட்ட மாதிரியே இருந்தது.

அதற்குப் பிறகு அளத்தில் யாருக்கு நோய் என்றாலும் உன் குடத்தை நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். உன்னைப் போலச் சிரித்த முகமாய் எனக்குச் செய்ய வராது. வெயிலைத் திட்டுவேன், ஈயைத் திட்டுவேன், கஞ்சி குடிக்காதவனையும் திட்டுவேன். "ஏன் தாயி இந்தப் பாடு உங்களுக்கு?" என்று அன்றைக்கு வந்த அதே பொம்பிளை கேட்டாள். என் அண்ணன் எனக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், அதை வைத்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை என்றேன். அந்தப் புன்னைக்காயல்காரர் இன்னும் கயிறு பிடிக்கிறார், ஒரு நாள் தவறியதில்லை. ஊரான் என்று சொன்ன வாய்க்குப் பரிகாரமாய், வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டுக்குப் பணியாரம் கொடுத்தனுப்புகிறேன்.

கயிறு இப்போது வெயிலில் கிடக்கிறது. ஒரு பிரிகூட இற்றுப்போகவில்லை, நானே தடவிப் பார்த்தேன். அடுத்த வாரத்திலிருந்து சாயங்காலம் உலையை வைப்பதற்கு முன்னாலேயே அதை வேலியில் விரித்துவிடுவேன், பூவரச மரத்தடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி. மச்சான் வந்துவிட்டார், அண்ணே. நீ ஓடாதே.