மதியத்துக்கு எடுத்துவைத்த மாத்திரை

அக்கா,

கவனம் சிதறாமலிருக்க டாக்டர் தந்த மாத்திரை இப்போது வேலை செய்யவில்லை என்றே நினைத்தேன். தையல் கடையில் காலையில் பெருக்குகிற வேலைதானே என்று, அதை மதியம் காஜா எடுக்கும் நேரத்துக்கு மிச்சம் பிடித்தேன். தூக்கம் போனது. நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் காஜா எடுத்துவிட்டேன்.

"பட்டனை எங்கடி தைக்கிறது, உன் நெத்தியிலயா?" என்றார் முதலாளியம்மா.

பள்ளிக்கூடம்தான் போனது, இதுவும் போய்விடுமோ என்று பயந்து, மதியம் போடுவதையும் தூக்கம் போனதையும் சொல்லி, இன்னொரு மாத்திரை சேர்த்துப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"கூடாதும்மா. காலையில எழுந்ததும் போடு. முதல்ல தூக்கத்தைச் சரி பண்ணுவோம். எப்ப இருந்து தூக்கமில்ல?"

மதியம் போட ஆரம்பித்ததிலிருந்து என்றேன். நீ கல்யாணமாகிப் போனதிலிருந்து என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இன்று காலையிலேயே போட்டுவிட்டேன். படுக்கும்போது மட்டும் இன்னும் சுவரோரம்தான் ஒண்டிக்கொள்கிறேன், உனக்கு இடம் விட்டு.

உன்
வாயில்லாப்பூச்சி